பாரசீகச் சொல்லழுத்தமும் ஆங்கிலச் சொல்லழுத்தமும்

ஒரு சொல்லை ஒலிக்கும்போது அதன் அசைகளுள் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஓங்கிக் கேட்பதையே மொழியியலார் சொல்லழுத்தம் என்பர். ஆங்கிலத்தில் ஓங்கும் அசை எது என்பதைப் பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்தே கற்க வேண்டியிருக்க, பாரசீகத்திலோ சொல் பெயரா வினையா, அதில் சேர்ந்திருப்பது எவ்வகை ஒட்டு என்பவற்றை அறிந்தால் அழுத்தத்தின் இடம் ஏறத்தாழ விளங்கிவிடுகிறது.

பாரசீகப் பெயர்ச்சொற்கள் பொதுவாக ஈற்றசையில் அழுத்தம் பெறுபவை. நூலைக் குறிக்கும் 'கெதாப்' என்பதில் 'தாப்' ஓங்கும். பன்மை விகுதி சேர்ந்து 'கெதாப்ஹா' ஆகும்போது அழுத்தம் 'ஹா'வுக்கு நகரும். எனினும் எல்லா ஒட்டுகளும் அதைத் தம்பால் இழுப்பதில்லை. 'ஒரு' என்னும் பொருள் தரும் 'இ' அழுத்தம் ஏற்காதது, பண்புப்பெயரை ஆக்கும் 'இ' ஏற்பது. ஆகவே 'மர்தி' என்னும் ஒரே வடிவம் முதலசை ஓங்கினால் 'ஓர் ஆடவன்' என்றும், ஈற்றசை ஓங்கினால் 'ஆண்மை' என்றும் பொருள்படும்.

வினையில் 'மி' என்னும் முன்னொட்டும் 'ந' என்னும் எதிர்மறை முன்னொட்டும் அழுத்தத்தைச் சொல்லின் முன்பக்கத்துக்குக் கொண்டுவருகின்றன. இவற்றினும் சுவையானது பேச்சுவழக்கில் உள்ள ஒரு வேறுபாடு. முதலசை ஓங்கும் 'ரஃப்தம்' என்பதற்குப் 'போனேன்' என்று பொருள். எழுத்துவழக்கில் 'ரஃப்தெ அம்' என நிற்கும் வடிவம் பேச்சில் குறுகி அதே ஒலிகளைப் பெறும்போது, ஈற்றசை ஓங்குவது ஒன்றே அதைப் 'போயிருக்கிறேன்' என்று பிரித்துக் காட்டுகிறது. நூல்வழி மட்டும் பாரசீகம் பயில்பவரின் கண்ணில் இது படுவதற்கே வழியில்லை.

ஆங்கிலத்திலும் 'ரெக்கார்டு' போன்ற சொற்களில் முதலசை ஓங்கினால் பெயர், இரண்டாம் அசை ஓங்கினால் வினை என்னும் வேறுபாடு உண்டு. ஆனால் அங்கே அழுத்தத்தின் வேலை அதோடு முடிவதில்லை: ஓங்கிய அசை நீண்டு ஒலிக்க, அழுத்தமற்ற அசைகளின் உயிர் பெரும்பாலும் மங்கித் தேய்ந்துவிடுகிறது. 'ஃபோட்டோகிராஃப்' முதலசையிலும் 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுவதால் இரண்டிலும் உயிரொலிகளே மாறிப்போகின்றன. பாரசீக அழுத்தமோ பெரிதும் குரலின் ஏற்றத்தால் உணரப்படுவது. அழுத்தமற்ற உயிர்களும் அதில் தெளிவு குன்றுவதில்லை. எனவே ஆங்கிலம் பயிலும் ஈரானியருக்கு அழுத்தத்தைச் சரியான அசையில் இட்டால் மட்டும் போதாது, ஏனைய அசைகளைத் தளர்த்தவும் பழக வேண்டும்; கடினமான பகுதி அதுவே எனலாம்.

பாரசீகம் பயிலும் ஆங்கிலேயருக்கோ இடர் எதிர்த்திசையில் வருகிறது. ஈரசைப் பெயர்களில் முதலசையை ஓங்கச் செய்யும் தாய்மொழிப் பழக்கத்தால், தந்தையைக் குறிக்கும் 'பெதர்' என்பதை அவர் அவ்வாறே ஒலிக்கக்கூடும். பாரசீகத்தில் ஒருவரை விளிக்கும்போதுதான் அழுத்தம் முதலசைக்குத் தாவும் என்பதால், தந்தையைப் பற்றிய செய்தியாக அவர் தொடங்கிய வாக்கியம், கேட்பவர் காதில் தந்தையை அழைக்கும் குரலாக விழும்.