மாடத்தில் கிடக்கும் மாத்திரை

நீரிழிவு செல்வர்க்கே உரிய நோய் என்றோர் எண்ணம் நம்மவரிடையே நெடுநாள் நிலவி வந்தது. அவ்வெண்ணம் இன்று பொய்த்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுதும் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் இந்நோயுடையவர் எனக் கணக்கிட்டது. கிராமத்தாரும் அத்தொகையில் அடங்குவர்.

நோய் இன்னதெனக் கண்டறிந்ததோடு காரியம் முடிவதில்லை. கொடுத்த மாத்திரையை நாள் தவறாது உண்பவர் எத்தனை பேர்? நீண்டகால நோய்களைக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. செல்வ நாடுகளிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர்தாம் சொன்னபடி மருந்துண்கின்றனர் என்றும், ஏனைய நாடுகளில் அத்தொகை இன்னும் குறைவு என்றும் அதில் கூறப்பட்டது. எனவே இதனை நம் ஊராரின் அறியாமை என்று ஒதுக்கிவிடல் நேர்மையன்று. மருந்தை நிறுத்துகிற ஒவ்வொருவர்க்கும் ஒரு காரணம் உண்டு. அதனைக் கேளாமல், "சொன்னால் கேட்பதில்லை" என்று சினப்பதால் யாருக்கும் பயனில்லை.

முதற் காரணம், நோவு இன்மை. காய்ச்சல் மருந்து உண்டால் காய்ச்சல் தணிவது தெரிகிறது. நீரிழிவு மாத்திரையோ உண்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. நான்கு நாள் விட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. இங்கிலாந்தில் இருபது ஆண்டுகள் நடைபெற்று 1998ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஆய்வில், சர்க்கரையை நன்கு அடக்கி வைத்தவர்களிடையே கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடு கால் பங்கு குறைந்திருந்தது. ஆனால் வராமற்போன கேட்டை எவர் கண்டு மகிழ்வார்? அறுந்த இழையைக் கண்டுபிடித்துப் பிணைக்கும் பார்வையும், மிதிகட்டையை உணரும் பாதமும் மெல்ல மெல்லத்தான் குறைகின்றன. சேற்றில் வெறுங்காலுடன் இறங்கும் உழவர், முள் தைத்ததையே அறியாத நிலை வரும்போதுதான் மருந்தை நினைக்கிறார்.

இரண்டாவது, கூலி. நெய்த அளவுக்கே கூலி பெறுபவர் ஆஸ்பத்திரி வரிசையில் அரை நாள் நின்றால் அன்றைய கூலியில் அரை நாள் போயிற்று. மாத்திரை இலவசமே, அதனைப் பெறும் நாள் இலவசமன்று. இதனை உணர்ந்தே போலும், தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை இல்லத்திற்கே கொண்டுசென்று கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. ஆயினும் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாத்திரை மாடத்திலேயே கிடக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

ஏனெனில் மாத்திரையும் சில தொல்லைகளைத் தருவதுண்டு. மெட்பார்மின் தொடங்கும்போது சிலர்க்கு வயிறு புரட்டும், பேதியாகும். குழித்தறியில் அமர்ந்தவர் அடிக்கடி எழுந்து போதல் எங்ஙனம்? அவர் மறுநாளே நிறுத்திவிடுகிறார். உணவோடு உண்டால் இத்தொல்லை குறையும். சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். மெல்லக் கரையும் வகையும் உண்டு. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீரக்கூடிய சங்கடம் இது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவற்றின் தன்மை வேறு. அவற்றை உண்டு உணவை விட்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கமும் வரும். தீபாவளிச் சரக்குக்காக இரவு பகலாக நெய்து சோற்று வேளை தவறும் காலத்திலும், புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்திலும் இது நேரக்கூடும். ஒருமுறை மயங்கியவர் மாத்திரையைக் கண்டு அஞ்சுவது இயல்பே. விரதமோ வேலை நெருக்கடியோ வருமுன், அன்றைக்கு எதனை எவ்வளவு உண்பதென்று கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

எல்லாவற்றிலும் அபாயமானது மறைத்தல் என்போம். திட்டுக்கு அஞ்சி, சோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகச் சோற்றைக் குறைத்து மாத்திரையை ஒழுங்காக உண்டு செல்லும் வழக்கம் பலரிடம் உண்டு. இப்போதோ கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை இருக்கிறது. அது கணக்கப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுவது போல உண்மையைக் காட்டிவிடும். டாக்டர், "மாத்திரை போதவில்லை போலும்" என்றெண்ணி அளவைக் கூட்டி எழுதுகிறார். வீட்டிலுள்ளோர் கண்டித்து அத்தனையையும் ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கினால் சர்க்கரை சரேலென இறங்கிவிடும். "வாரத்தில் மூன்று நாள்தான் உண்டேன்" என்ற ஒரு சொல் இதனைத் தடுத்திருக்கும். அச்சொல்லைச் சொல்ல நோயாளிக்குத் துணிவு வேண்டும். சினவாமல் கேட்க எதிரே இருப்பவர்க்குப் பொறுமை வேண்டும். பொறுமைக்கே பங்கு அதிகம் என்பது நம் துணிபு.

ஆவாரம்பூ, வெந்தயம், நாவற்கொட்டை இவற்றை உண்ணற்க என்று நாம் சொல்லவில்லை. அவற்றை நம்பி மாத்திரையை விட்டுவிடுதலே தவறு. இன்சுலின் ஊசி போட்டால் முடிவு நெருங்கிவிட்டது என்ற பேச்சும் வீண். பலர்க்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையம் சோர்ந்துபோவதால்தான் ஊசி தேவைப்படுகிறது. பிள்ளைப்பருவத்தில் பெரும்பாலும் வரும் முதல் வகை நீரிழிவிலோ இன்சுலினே உயிர். அதனைச் சில நாள் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. கைப்பணம் குறையும்போது கணவருக்கு வாங்கித் தனக்கு விட்டுவிடும் இல்லத்தரசியரையும் இங்கு நினைக்கிறோம். அவர்கள் மறந்தவர்கள் அல்லர்.

நமது சங்கங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நூல் வழங்கும் நாளும் கூலி கொடுக்கும் நாளும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீரிழிவு பார்க்கும் நாளோடு மோதுமாயின் உறுப்பினர் எங்கே செல்வார்? பாவும் ஊடையும் வாங்கத்தான் செல்வார். விளைபொருள் கொள்முதல் நாளுக்கும் இது பொருந்தும். சுகாதார நிலையத்தின் நாளை முதலில் கேட்டறிந்து, சங்கத்தின் நாளை மாற்றியமைப்பதற்குச் செலவொன்றுமில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.