டூட்டி மாறும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய இன்சுலின். மணி ஏழே முக்கால். மாலை டூட்டி சிஸ்டர் ஊசியைப் போட்டுவிட்டு மருந்துத் தாளில் குறிக்கப் போகும்போது எதிர்க் கட்டில்காரருக்கு மூச்சுத்திணறல், ஓடுகிறார். எட்டு மணிக்கு டூட்டி மாறுகிறது. வந்தவர் தாளைப் பார்க்கிறார், கட்டம் காலி. இன்னொரு ஊசி போடுகிறார். நள்ளிரவில் நோயாளிக்கு வியர்த்துக் கொட்டி, கைகால் நடுங்கி, நினைவு தப்புகிறது. இரண்டு பேருமே வேலை தெரிந்தவர்கள்தான். இருவர் போட்டதும் சரியான மருந்துதான்.

இது எந்த நாட்டு வார்டிலும் நடக்கக்கூடியது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் நோயாளிப் பாதுகாப்புக்கு 9 தீர்வுகளை வெளியிட்டபோது, பொறுப்பு கைமாறும்போது நடக்கும் தகவல் பரிமாற்றத்தையும் அதில் ஒன்றாகச் சேர்த்தது. இதற்குப் பரவலாகச் சொல்லித்தரப்படும் முறை 'எஸ்பார்'. நோயாளி இப்போது எப்படி இருக்கிறார், இதுவரை என்ன நடந்தது, செவிலியரின் கணிப்பு என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படி. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கிய பழக்கம் இது.

நான்காவது படிதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. கேஸ் ஷீட்டில் நடந்தது இருக்கும். நடக்க வேண்டியது பல நேரம் வாய்ப்பேச்சில்தான் இருக்கும். பொட்டாசியம் ரிப்போர்ட் லேபிலிருந்து இன்னும் வரவில்லை, காலை ஆபரேஷனுக்காக நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது, ரத்தம் ஏறத் தொடங்கி இப்போதுதான் பத்து நிமிடம் - இதையெல்லாம் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருவர் சொல்ல மறந்தால், அடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. 'பதினாலாம் பெட்' என்று கட்டில் எண்ணை மட்டும் சொல்வதும் ஆபத்து. மதியம் கட்டில் மாற்றியிருப்பார்கள். பெயரையும் உள்நோயாளி எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே டூட்டி மாற்றம் நர்ஸ் மேஜையில் முடிந்துவிடாமல் நோயாளியின் கட்டிலருகே நடப்பதே நல்லது. டிரிப்ஸ் பாட்டில், சிறுநீர்ப் பை, காயக்கட்டு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து கண்ணால் பார்த்துவிடலாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்தில் தகவல் பெறும் உரிமை இருக்கிறது. அதன் பேரில் கூட இருப்பவர் தாராளமாகக் கேட்கலாம்: "சிஸ்டர், ராத்திரி ஊசி போட்டாச்சா? எந்த ரிப்போர்ட் இன்னும் வரணும்? அப்பாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்காதுன்னு இவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" அவர்கள் பேசி முடித்த பிறகு கேளுங்கள். நடுவில் புகுந்து பெட்ஷீட் மாற்றச் சொல்வதும் தகவல் விட்டுப்போக ஒரு காரணம்.

கட்டிலருகே பேசுவதில் ஒரு சிக்கலும் உண்டு. பொது வார்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கும் காது இருக்கிறதே! ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளிப்படுத்துவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய விவரங்களைத் தனியே பேசிக்கொள்ளச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சிஸ்டர்களைத் திட்டிப் பயனில்லை. பொது வார்டில் 6 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. இரவில் ஒரு வார்டு முழுவதையும் ஓரிருவர் தலையில் கட்டிவிட்டு, டூட்டி மாறப் பத்து நிமிடம்கூட ஒதுக்காத நிர்வாகம்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. செவிலியர் போட்ட ஊசியால் ஒரு குழந்தையின் மூளை பாதிக்கப்பட்ட வழக்கில், 1998-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையைப் பொறுப்பாக்கியது.

தவறு நடந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் முதலில் டூட்டி டாக்டரை அழையுங்கள், உயிர்தான் முக்கியம். பிறகு நேரம், மருந்து, யார் டூட்டியில் இருந்தார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். அரசு மருத்துவமனையானால் கண்காணிப்பாளரிடமோ டீனிடமோ எழுத்தில் கொடுக்கலாம், 104 சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். கட்டணம் வாங்கும் மருத்துவமனையானால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது.

எங்கே போவதானாலும் கேஸ் ஷீட் நகல் கையில் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, அதன் பிரதியில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.