எடை கடைசியில் வரும்: குறைமாதக் குழந்தையின் பெற்றோருக்கு

குறைமாதத்தில் குழந்தை பிறந்த வீட்டில் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, "குழந்தை எவ்வளவு எடை?" என்பதே. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே நிற்கும் தந்தையும் நாள்தோறும் அதையே கேட்கிறார். 1,250 கிராம் எடையுடன் பிறந்த குழந்தை மறுநாள் 1,210 கிராம் என்று செவிலியர் சொன்னால், அன்றிரவு அவருக்கு உறக்கம் இல்லை. செய்தி தாயின் காதுக்கு எட்டியதும், மனமுடைந்து பால் எடுப்பதையே நிறுத்திவிட்ட தாய்மாரையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த 40 கிராம் குறைவு மருத்துவர்கள் எதிர்பார்த்ததே. நின்றுபோன தாய்ப்பால்தான் குழந்தைக்கு நேர்ந்த உண்மையான இழப்பு.

வளவனூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மிக முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைகள், பெரும்பாலும் விழுப்புரத்தைக் கடந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கிழக்கே புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கோ கொண்டு செல்லப்படுகின்றன. அதன்பின் பல வாரங்களுக்கு வீட்டிற்கும் மருத்துவமனைக்கும் இடையே அலைவதே பெற்றோரின் வாழ்க்கையாகிவிடுகிறது. அந்த வாரங்களில் குழந்தையின் முன்னேற்றத்தை எவ்வாறு அறிந்துகொள்வது என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

குறைமாதம் என்பது என்ன?

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையே குறைமாதக் குழந்தை. 32 முதல் 37 வாரங்களுக்குள் பிறந்தவை பெரும்பாலும் விரைவில் தேறுகின்றன. 28 முதல் 32 வாரங்களுக்குள் பிறந்தவற்றுக்கு நீண்ட கவனிப்புத் தேவை. 28 வாரங்களுக்கு முன் பிறந்தவற்றின் நிலை மிகவும் கடினமானது. "ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது" என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. இதில் உண்மை இல்லை. கருவறையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமையே சேர்க்கிறது.

கருவறையில் முடிந்திருக்க வேண்டிய வளர்ச்சியை இக்குழந்தை வெளியே முடிக்க வேண்டியிருக்கிறது. அது ஓர் ஒழுங்கில் நடைபெறுகிறது: முதலில் மூச்சு, அடுத்து உடற்சூடு, பிறகு பால், இறுதியில் எடை. இந்த வரிசையை மனத்தில் கொண்டால், ஒவ்வொரு நாளும் எதைக் கேட்பது என்பது தெளிவாகும்.

மூச்சு

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள். குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் இது போதிய அளவில் இருப்பதில்லை. பிரசவத்திற்கு முன் தாய்க்குப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர உதவுகிறது. பிறந்த பின் சில குழந்தைகளுக்குச் சர்ஃபாக்டன்ட் மருந்தை மூச்சுக்குழாய் வழியாகவே செலுத்துவர்.

வென்டிலேட்டரிலிருந்து சி-பாப் கருவிக்கும், அதிலிருந்து மூக்கின் வழியே தரப்படும் ஆக்சிஜனுக்கும், பின்னர் வெறும் காற்றுக்கும் குழந்தை மாறுவதே உண்மையான முன்னேற்றம். எடை ஒரு கிராம்கூட ஏறாத நாளிலும் இப்படி ஒரு படி கடந்திருந்தால் அது நல்ல நாள்.

மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 92 என்று கண்டு, "ஏன் 100 இல்லை?" என்று பெற்றோர் கலங்குவதுண்டு. ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரை இருக்கும்படியே மருத்துவர்கள் பார்த்துக்கொள்கின்றனர். அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் விழித்திரையைப் பாதிக்கும். அலாரம் ஒலிக்கும்போதெல்லாம் ஆபத்து என்பதும் இல்லை. குழந்தை காலை உதைத்து ஒயர் நழுவினாலும் அது ஒலிக்கும். ஆனால் குறைமாதக் குழந்தைகள் சில நொடிகள் மூச்சுவிட மறப்பதும் உண்டு. மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு முதிரும் வரை இது நிகழும். இதற்குக் காஃபின் மருந்து தரப்படுகிறது.

உடற்சூடு

குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். தோலடிக் கொழுப்பு இல்லாத உடல், நம் ஊரின் சித்திரை வெயிலிலும் குளிர்ந்துவிடக்கூடும். குளிர்ந்த குழந்தை தன்னைச் சூடாக்கிக்கொள்வதிலேயே சக்தியைச் செலவழிப்பதால் வளர்ச்சி தடைப்படும்.

வார்மருக்கு இணையாக, சில வகையில் அதற்கும் மேலாக, உதவுவது தாயின் மார்பு. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வளர்க்கும் முறையைத் தொடங்கினார். அதுவே இன்றைய கங்காரு பராமரிப்பு. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், 1,000 முதல் 1,799 கிராம் வரையிலான குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியபோது, உடல்நிலை சீரான பின் தொடங்கியதைவிட இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யுமாறு 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தந்தையும் பாட்டியும் இதைச் செய்யலாம். "எப்போது மார்பில் வைத்துக்கொள்ளலாம்?" என்று முதல் நாளிலேயே செவிலியரிடம் கேளுங்கள்.

பால்

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் ஏறத்தாழ 34 வாரங்களில்தான் குழந்தைக்கு வருகிறது. அதுவரை குழாய் வழியாகவும், பின்னர் பாலாடை வழியாகவும், முடிவில் நேரடியாக மார்பிலும் பால் தரப்படும். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிலிட்டரே தருவர். குடல் அதை ஏற்றுக்கொண்டால் சிறிது சிறிதாகக் கூட்டுவர். வயிறு உப்பினால் நிறுத்திப் பார்ப்பர். ஆகவே பாலின் அளவு ஏறுவதும் ஒரு முன்னேற்றமே.

குழந்தை பால் குடிக்கவில்லையென்றாலும் தாய் பால் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை, இரவையும் சேர்த்து நாளொன்றுக்கு எட்டு முறை எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். முதல் நாட்களில் வரும் சீம்பால் சில துளிகளே இருக்கலாம். அத்துளிகளும் நோய்த்தொற்றிலிருந்து காக்கும். அவற்றை வீணாக்காதீர்கள். பிரசவத் தீட்டு என்று சொல்லித் தாயை வீட்டில் நிறுத்திவைப்பதும், குழந்தைக்குக் கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து ஆகியவற்றைத் தருவதும் குழந்தையின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்.

எடை

பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் எடை பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை குறையலாம். 1,250 கிராமில் பிறந்த குழந்தை 1,100 கிராமுக்கு அருகே இறங்கக்கூடும். உடலிலுள்ள கூடுதல் நீர் வெளியேறுவதே இதற்குப் பெருங்காரணம். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பிறந்தபோதிருந்த எடை திரும்பும். அதன்பின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் வரை கூடினால் வளர்ச்சி சரியாக இருக்கிறது எனலாம்.

ஒரு நாளின் எடையைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். சிறுநீர் கழிப்பதற்கு முன் எடுத்தாலும் பின் எடுத்தாலும் எண் மாறும். கையில் ஊசிக்கான அட்டை கட்டியிருந்தாலும் மாறும். திடீரென மிகுதியாக ஏறும் எடை, உடலில் நீர் தேங்கியதாலும் இருக்கலாம். ஒரு வாரத்துக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

பின்னடைவு வந்தால்

சி-பாப்பிலிருந்து விடுபட்ட குழந்தை மீண்டும் அதற்குத் திரும்பலாம். நோய்த்தொற்றால் பால் இரண்டு நாள் நிறுத்தப்படலாம். முன்னே இரண்டு அடி, பின்னே ஓர் அடி என்பதே இங்கு வழக்கம். எல்லாக் குழந்தைகளும் பிழைத்துவிடும் என்று எந்த மருத்துவராலும் உறுதி கூற இயலாது. அப்படிப்பட்ட நாளில் மருத்துவரிடம் நேராகக் கேட்கவும், உண்மையை அறியவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு சிறு நோட்டு வாங்கி, நாளும் ஐந்து செய்திகளைக் குறித்துவையுங்கள்: மூச்சுக்கு இன்று என்ன உதவி? எத்தனை மணி நேரம் மார்பில் இருந்தது? ஒரு வேளைக்கு எவ்வளவு பால்? எடை என்ன? நாளை என்ன மாற்றம் செய்யவிருக்கிறார்கள்? பணிநேரம் மாறி மருத்துவர்கள் மாறினாலும் இந்த நோட்டு உங்களோடு இருக்கும். மனம் சோரும் நாளில் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் எவ்வளவு தொலைவு கடந்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

கண்ணும் காதும்

34 வாரங்களுக்கு முன்போ, 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரங்களுக்கு முன்போ, 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரங்களிலேயே வேண்டும். இந்நோய்க்கு வெளியில் அறிகுறியே தெரியாது. உரிய காலத்தில் கண்டால் சிகிச்சை செய்து பார்வையைக் காக்கலாம், காலம் தவறினால் பார்வை போய்விடும். குழந்தை அதற்குள் வீடு திரும்பியிருந்தாலும் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். காது கேட்கும் திறனுக்கான பரிசோதனையும் தேவை.

வீடு திரும்பிய பின்

துணையின்றி மூச்சுவிட்டு, சூட்டைத் தக்கவைத்து, வாயால் பால் குடித்து, எடை தொடர்ந்து ஏறும்போதுதான் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவர். பெரும்பாலும் இது பிரசவத்திற்குக் குறித்த தேதியை ஒட்டியோ, சில வாரங்கள் முன்னதாகவோ நிகழும். வீட்டிலும் கங்காரு பராமரிப்பைத் தொடருங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். பார்க்க வருவோர் கை கழுவிய பின்னரே தொடட்டும்.

எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போது, அதன் வளர்ச்சியை மூன்று மாதக் குழந்தையின் வளர்ச்சியோடு ஒப்பிடுங்கள். இரண்டு வயது வரை இக்கணக்கே பொருந்தும். ஆனால் தடுப்பூசிகளைப் பிறந்த தேதியைக் கொண்டே போட வேண்டும்.

பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், நிமிடத்திற்கு 60-க்கு மேல் மூச்சு, விலா உள்வாங்குதல், சில்லிட்ட பாதம், காய்ச்சல், வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள் நிறம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

உறவினர் அடுத்த முறை எடையைக் கேட்டால், "மூச்சு நன்றாக இருக்கிறது, நேற்று இரண்டு மணி நேரம் மார்பில் உறங்கியது, பால் ஒரு வேளைக்கு எட்டு மில்லி குடிக்கிறது" என்று சொல்லுங்கள். எடை தன் நேரத்தில் ஏறும். அதுவரை தாயின் பாலும் பெற்றோர் இருவரின் மார்புச் சூடும் இச்சிகிச்சையின் பகுதிகளே என்பதை மறவாதிருக்குமாறு வேண்டுகிறோம்.