குத்திய துளை ஆறும் வரை

காது, மூக்கு, இப்போது சிலருக்குத் தொப்புள் என்று எங்கே குத்தினாலும் அது உடம்பில் வேண்டுமென்றே உண்டாக்கிய காயம். வரப்பில் நடக்கும்போது கால் கிழிந்தால், அந்தக் கிழிசல் மூடியதும் ஆறிவிட்டது என்று சொல்லிவிடலாம். குத்திய துளை மூடவும் கூடாது, ஆறவும் வேண்டும். உடம்பு இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. துளையின் இரண்டு வாயிலிருந்தும் மேல்தோல் மெல்ல உள்ளே வளர்ந்து, நடுவில் ஒன்றையொன்று எட்டி, உள்ளிருக்கும் கம்பியைச் சுற்றி ஒரு தோல்குழாயாகிவிடுகிறது. அது முழுதாக அமையும்வரை வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே பச்சைப் புண்தான். கீழ்க்காதில் தொங்கும் சதையில் இதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். மூக்குக்கு 4 முதல் 6 மாதம், மேல்காதின் குருத்தெலும்புக்கும் தொப்புளுக்கும் 6 மாதம் முதல் ஒரு வருடம். இந்தக் காலம் முழுக்க வீட்டார் செய்யவேண்டியது கொஞ்சம். செய்யாமல் இருக்கவேண்டியதுதான் நிறைய.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் காது குத்து பெரும்பாலும் குலதெய்வக் கோயிலில் நடக்கும். திருத்தணிக்கோ மேல்மலையனூருக்கோ நேர்ந்துகொண்டவர்கள் அங்கே போவார்கள். முதல் மொட்டையும் காது குத்தும் பல வீடுகளில் ஒரே நாள். மொட்டை அடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்த பிறகு நகை செய்யும் பத்தர் வருவார். இரண்டு காதிலும் புள்ளி வைப்பார். இரண்டும் சமமாக இருக்கிறதா என்று கொஞ்சம் தள்ளிப் பார்ப்பார். ஒரு முனை கூராக்கிய தங்கக் கம்பியை நுழைத்து, மறுபக்கம் வந்த நுனியைக் குறட்டால் வளைத்து முடுக்குவார். குழந்தை அழத் தொடங்குவதற்குள் ஒரு காது முடிந்துவிடும். இரண்டாவது காதுதான் பெரும்பாடு.

இந்த ஏற்பாட்டில் யாரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் வெயிலில் வியர்வையோடு கரைந்து வழிந்து, காதுக்குப் பின்பக்க மடிப்பில் தங்குகிறது. கல்லில் அரைத்த சந்தனமோ பாக்கெட் சந்தனமோ, இரண்டும் கிருமி நீக்கியவை ஆகா. புதுத் துளையின் பின்வாய் திறந்திருப்பதும் அதே இடத்தில்தான். சந்தனத்தை உச்சியோடு நிறுத்திக்கொள்வதும், குத்துமுன் காதின் இரண்டு பக்கத்தையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பதும் இதற்குப் போதும். புள்ளியைக் குங்குமத்தால் வைப்பதைவிடப் பேனாவால் வைப்பது நல்லது. கம்பியோடு சேர்ந்து குங்குமத் துகளும் துளைக்குள் போய்விடும்.

பத்தரின் முறையில் ஒரு நல்ல அம்சம், குத்தும் கருவியே காதில் தங்கிவிடுவது. ஒவ்வொரு குழந்தைக்கும் புதுக் கம்பி. ஆனால் குறடு ஒன்றுதான். அது ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகிறது. ஹெபடைடிஸ் பி போன்ற ரத்தத்தால் பரவும் நோய்க் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளியிலும் இருக்கலாம். கம்பியையும் குறட்டையும் 20 நிமிடம் கொதிநீரில் போட்டெடுக்கச் சொன்னால் பத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். முழுக் கிருமி நீக்கம் ஆட்டோகிளேவில்தான் முடியும். கொதிநீர் ஓரளவு காக்கும். காஞ்சிபுரத்துக்குப் போய் நகைக்கடையிலோ பியூட்டி பார்லரிலோ துப்பாக்கியால் குத்திக்கொள்வோரும் உண்டு. அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் பிளாஸ்டிக், ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும். அது மொட்டையான தோட்டை அழுத்தித் தள்ளுகிறது. கீழ்க்காதின் மெல்லிய சதை அதைத் தாங்கிவிடும். குருத்தெலும்பு நசுங்கிவிடும் என்பதால் மேல்காதிலோ மூக்கிலோ துப்பாக்கி வைக்கக் கூடாது. தொப்புளுக்கும் அது ஆகாது.

தடுப்பூசி இன்னொரு கேள்வி. ரண ஜன்னி எனும் டெட்டனஸுக்கு எதிரான மருந்து, குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் சேர்ந்தே இருக்கிறது. இரண்டு தவணையாவது முடிந்த பிறகு காது குத்துவது பாதுகாப்பு. பெரியவர்கள் மூக்கோ தொப்புளோ குத்துமுன், கடைசியாக டி.டி. ஊசி போட்டு 10 வருடத்துக்கு மேலாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

காது குத்துவது பற்றிய பழைய மருத்துவக் குறிப்பு சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. அதன் சூத்திர ஸ்தானத்தின் 16ஆம் அத்தியாயம் காது குத்துவதையும் கிழிந்த காதை ஒட்டுவதையும் விவரிக்கிறது. சூரிய வெளிச்சத்தில் காதைப் பிடித்துப் பார்த்து, மெல்லிசாகத் தெரியும் இடத்தில் குத்தவேண்டும். ஆண் குழந்தைக்கு வலது காது முதலில், பெண் குழந்தைக்கு இடது. குத்திய பின் பஞ்சுத் திரி நுழைத்து எண்ணெய் விட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை சற்றுப் பெரிய திரியாக மாற்றவேண்டும். வெளிச்சத்தில் பார்த்தால் ரத்தக் குழாய் நிழலாகத் தெரியும் என்பதால் இடம் தேர்கிற அந்த யோசனை இன்றைக்கும் செல்லும். எண்ணெயும் திரி மாற்றுவதும் செல்லாது. ஆறுகிற துளையை அடிக்கடி அசைப்பதும் அதற்குள் எதையாவது விடுவதும்தான் இன்று மருத்துவர்கள் முதலில் நிறுத்தச் சொல்லும் இரண்டு காரியங்கள்.

சுத்தம் செய்யும் முறை எளிது. முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். குத்திய இடத்தில் வரும் தொற்றில் பெரும்பங்கு தொட்டுப் பார்க்கும் விரலிலிருந்தே வருகிறது. விசேஷத்துக்கு வந்த உறவினரெல்லாம் ஆளுக்கொரு முறை குழந்தையின் காதைப் பிடித்துப் பார்ப்பதும் இதில் சேர்த்தி. பிறகு உப்பு நீர். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் இருப்பதிலேயே சிறந்தது. திறந்த பாட்டிலை அன்றே தீர்த்துவிடவேண்டும், மிச்சம் வைத்து வாரக்கணக்கில் ஓட்டக் கூடாது. வீட்டில் தயாரிப்பதென்றால், கொதிக்க வைத்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் தூள் உப்பு. கணக்குப்படி இது 0.9 சதவீதத்தைவிடக் குறைவுதான். உப்பு கூடினால் தோல் காய்ந்து வெடிக்கும் என்பதால் குறைவதில் தவறில்லை. கல் உப்பில் மண் துகள் இருக்கும். போர் தண்ணீரோ பைப் தண்ணீரோ, கொதிக்க வைக்காமல் கலக்கக் கூடாது.

இந்த நீரில் நனைத்த சுத்தமான துணியையோ காஸ் துண்டையோ குத்திய இடத்தின் முன்னும் பின்னும் சில நிமிடம் ஒற்றி வைக்கவேண்டும். தோட்டின் அடியில் வெளிர்மஞ்சளாக, காய்ந்த கஞ்சியைப்போல் ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். அது சீழ் கிடையாது. ஆறுகிற இடத்திலிருந்து கசிந்த நிணநீர் காய்ந்தது. ஊறியதும் தானே கழன்று வரும், நகத்தால் சுரண்டினால் உள்ளே புதுத் தோலும் சேர்ந்து பெயரும். பிறகு ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். பூத்துண்டின் நூல் கம்பியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் டிஷ்யூ காகிதமோ நூல் உதிராத துணியோ நல்லது. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை போதும். ஐந்தாறு முறை கழுவினால் புண் ஊறிப்போய் ஆறுவது தள்ளிப்போகும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால் எதுவும் குத்திய பிறகு தேவையில்லை. அவை கிருமியோடு புதிதாக வளரும் தோலையும் கொல்கின்றன.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் இங்கே நகர முடியாது. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் தன்மை ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் சமையலறை டப்பாவில் ஈரக் கரண்டி போய்வந்த மஞ்சள்தூள் கிருமி நீக்கிய மருந்தாகாது. அதன் துகள் துளைக்குள் தங்கி உறுத்தும். எண்ணெய்ப் படலம் கசிவை வெளியேற விடாமல் அடைத்து, மேலே தூசியையும் ஒட்டவைக்கும். அதைவிட, மஞ்சள் பூசிய காதில் சிவப்பு ஏறுகிறதா, சீழ் வைக்கிறதா என்று பார்க்கவே முடியாது. பாட்டியின் மருந்துக்கு எதிராக இதைவிடப் பெரிய வாதம் வேண்டியதில்லை.

"தோட்டைத் தினமும் திருப்பி விடு, இல்லன்னா ஒட்டிக்கும்" என்பது அடுத்த அறிவுரை. நகைக்கடைகளிலும் இப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். தோல் உலோகத்தோடு ஒட்டாது, ஒட்டுவது பொருக்குதான். காய்ந்த பொருக்கோடு தோட்டைச் சுழற்றினால் அது அரம்போல் உள்ளே அறுக்கிறது. சுழற்றாமல் விட்ட காதுதான் சீக்கிரம் ஆறும்.

உலோகம் பற்றிப் பழைய வழக்கம் சரியாகவே இருக்கிறது. 22 காரட் தங்கத்தில் 91.6 சதவீதம் பொன். மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். தோலோடு சண்டை போடுவது நிக்கல். கவரிங் நகைகளில் அது இருக்கக்கூடும். ஆறாத துளையில் அதை மாட்டினால் சிலருக்கு வாழ்நாள் முழுக்க நீங்காத ஒவ்வாமை தொடங்கிவிடுகிறது. அரிப்பும் நீர்க்கசிவும் மாதக்கணக்கில் நிற்காமல் இருந்தால் கிருமியை மட்டும் சந்தேகிக்காமல் தோட்டையும் சந்தேகிக்கவேண்டும். தங்கம் விற்கிற விலையில் முடியாதவர்கள் டைட்டானியத் தோடு வாங்கலாம். குழந்தைக்குத் திருகை இறுக முடுக்கக் கூடாது. முதல் சில நாள் காது வீங்கும்போது திருகு சதைக்குள் புதைந்துவிடும்.

மூக்குக்கும் இதே கவனிப்புதான். கூடுதலாக ஒன்று: நகை கழன்றால் துளை தூர்ந்துவிடும் என்று வேப்பங்குச்சியோ விளக்குமாற்று ஈர்க்கோ சொருகும் வழக்கம். ஆறி வருடக்கணக்கான துளையில் அது பெரிய தீங்கு செய்யாமல் போகலாம். புதுத் துளையில் மரச்சிராய் உள்ளே முறியும், தெருவைப் பெருக்கிய ஈர்க்கு என்றால் ரண ஜன்னிக் கிருமியையும் கொண்டுவரும்.

தொப்புளில் குத்திக்கொள்வது தமிழ்நாட்டுச் சடங்கில் இல்லாதது. 1990களில் மேல்நாட்டு இசை வீடியோக்களும் ஃபேஷன் மேடைகளும் பரப்பிய பழக்கம் அது. கிராமத்திலிருந்து சென்னைக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிற பெண்கள் அங்கே குத்திக்கொண்டு, ஆற்றிக்கொள்ள வீட்டுக்கு வருகிறார்கள். தொப்புள் என்று பெயரே தவிர, குத்துவது அதற்கு மேலே உள்ள தோல் மடிப்பில். அந்த மடிப்பு சரியாக இல்லாதவர்களும், தொப்புள் பிதுங்கிக் குடலிறக்கம் உள்ளவர்களும் குத்திக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்வது நல்லது.

இது ஆற ஒரு வருடம்வரை ஆவதற்குக் காரணம் இடம்தான். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அந்தத் தோல் மடிகிறது. தொப்புள் குழியில் எப்போதும் வியர்வையும் வெதுவெதுப்பும் இருப்பதால் கிருமிகள் அங்கே இயல்பாகவே ஏராளம். போதாததற்குப் பாவாடை நாடாவும் ஜீன்ஸ் பட்டனும் அதே வரிசையில் உரசுகின்றன. நாடாவை மூன்று விரற்கடை கீழே இறக்கிக் கட்டுவதும், முதல் சில மாதம் தளர்ந்த பருத்தி நைட்டியோ சுடிதாரோ போடுவதும், குப்புறப் படுக்காமல் இருப்பதும் எந்த மருந்தையும்விடப் பயன் தரும். சுத்தம் செய்யும்போது சாய்ந்து உட்கார்ந்து, உப்பு நீரில் நனைத்த காஸை ஐந்து நிமிடம் மேலே வைத்திருந்து, பிறகு குழிக்குள் ஈரம் தங்காமல் ஒற்றி எடுக்கவேண்டும். ஏரியிலும் கிணற்றிலும் நீந்துவதைத் தள்ளிப்போடவேண்டும். நடவு வயலில் சேறு தெறிக்கக் குனிந்து நிற்பதும் அந்தக் கணக்கில்தான்.

உடம்புச் சூட்டுக்குத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பது இங்கே கைவந்த வைத்தியம். ஆறும்வரை அதை நிறுத்தவேண்டும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் வழிந்து வந்து தங்கும் எண்ணெயையும் சீயக்காய்த் தூளையும் உடனே அலசிவிடவேண்டும். கம்பி உள்ளே தங்காமல் மெல்ல மெல்லத் தோலின் மேல்பக்கமாக நகர்ந்து வருவதும் தொப்புளில் அடிக்கடி நேர்கிறது. இரண்டு துளைக்கும் நடுவிலுள்ள தோல் மெலிந்து, சிவந்து, உள்ளே கம்பி தெரியத் தொடங்கினால் உடம்பு அதை வேண்டாம் என்கிறது. கிழித்துக்கொண்டு வருமுன் குத்தியவரிடம் போய்க் கழற்றிவிடுவதே வழி.

முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பு, லேசான வீக்கம், தொட்டால் வலி எல்லாம் இயல்பு. அவை குறையாமல் கூடினாலும், சூடாக இருந்து கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் அது தொற்று. பதறிப்போய் நகையைக் கழற்றிவிடக் கூடாது. துளையின் வாய் மூடி, சீழ் உள்ளேயே கட்டிக்கொள்ளும். நகையோடே உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். மேல்காது முழுக்கச் சிவந்து வீங்கி, கீழ்ச்சதை மட்டும் இயல்பாக இருந்தால் அன்றே போகவேண்டும். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் இல்லை, மேலுறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. நடுவில் சீழ் புகுந்து உறையைப் பிரித்தால் குருத்தெலும்பு செத்து, காது நிரந்தரமாகச் சுருங்கிவிடும். இதற்குப் பெரும்பாலும் காரணமான சூடோமோனாஸ் கிருமி, மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் சாதாரண மாத்திரைக்கெல்லாம் அடங்காது.

ஆறிய பிறகும் துளையின் ஓரத்தில் ரப்பர்போல் ஒரு கட்டி வளர்ந்துகொண்டே போனால் அது கீலாய்டு எனும் தழும்புக் கட்டி. கறுத்த தோலில் இது கூடுதலாக வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம். சின்ன வயதில் குத்திய காதைவிட வளர்ந்த பிறகு குத்திய காதில் அடிக்கடி பார்க்கிறார்கள். வெறுமனே அறுத்தெடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பிவரும் என்பதால் தோல் மருத்துவரிடம் ஊசி மருந்தோடு சேர்த்தே சிகிச்சை எடுக்கவேண்டும்.

முதல் கம்பியை மாற்றுவதற்கு முகூர்த்த நாள் பார்ப்பதைவிட வாரத்தை எண்ணுவது மேல். கீழ்க்காதுக்கு 8 வாரம் கழிந்து, வலியும் கசிவும் இல்லாமல் இருந்தால் பத்தரே கம்பியை வெட்டி எடுத்து வளையமோ தோடோ போடலாம். புது நகை உடனே, அதே கையோடு உள்ளே போகவேண்டும். முதல் வருடத்தில் ஓரிரவு காலியாக விட்டாலும் துளை தூர்ந்துபோகக்கூடும்.