சங்கத்துக்குள் சமத்துவம்: பெம்பிளை ஒருமையிலிருந்து பீடித் தட்டு வரை



தென்காசி வட்டாரத்தில் பெண் தொழிலாளி என்றதும் பீடி சுற்றும் பெண்தான் நம் நினைவுக்கு வருகிறார். கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என எந்தத் தெருவில் நுழைந்தாலும் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் பெண்களே. கூலி பேசும் மேசையில் உட்காருபவர்களோ பெரும்பாலும் ஆண்கள். சந்தா கட்டுவது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர். இந்த இடைவெளியைப் பெண்கள் ஒருமுறை உடைத்துக் காட்டினார்கள். அது நடந்தது மூணாற்றில்.

மூணாறு நமக்கு அந்நிய ஊர் அல்ல. சங்கரன்கோவில், தென்காசி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே தலைமுறைகளாக உழைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. மேற்பார்வையும் சங்கப் பொறுப்புகளும் ஆண்களிடம் இருந்தன.

2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்ட நிர்வாகம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என மூன்று பெரிய சங்கங்கள் அங்கே இருந்தன. அவற்றை நம்பிக் காத்திருக்காமல் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு நகரில் திரண்டு சாலையில் அமர்ந்தார்கள். சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடவில்லை. லிசி சன்னி, கோமதி, இந்திராணி ஆகியோர் முன்னின்றார்கள். தங்களுக்குப் பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெண்களின் ஒற்றுமை என்பது அதன் பொருள். செப்டம்பர் 13-ஆம் தேதி, போனஸ் 8.33 சதவீதமும் கருணைத்தொகை 11.67 சதவீதமுமாக, அவர்கள் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது. அடுத்து நாள்கூலி 500 ரூபாய் கேட்டார்கள். 232 ரூபாயாக இருந்த கூலி அக்டோபரில் 301 ரூபாய் ஆனது.

இவர்கள் சங்கமே வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்லர். தங்கள் பெயரில் பேசும் உரிமையைத் தங்களுக்கே கேட்டார்கள். பின்னர் அவர்களுக்குள் பிளவு வந்தது, இயக்கம் தளர்ந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு போராட்டத்தில் வென்ற இடத்தைச் சட்டவிதியாக, நிர்வாகக் குழுவாக, கணக்கேடாக நிலைநிறுத்தாவிட்டால் அது கையைவிட்டுப் போய்விடும்.

இந்தக் கேள்வி பழையது. பம்பாய் ஆலைகளில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு மூடியே கிடந்தது. நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் தீட்டு என்பது காரணம். வர்க்க ஒற்றுமை பேசிய சங்கங்கள் இதைக் கேள்வி கேட்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் கேட்டார். 1938-இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளரின் இரு எதிரிகள் என்றார். அகமதாபாத்தில் 1972-இல் பதிவான சேவா சங்கம், ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து பிறந்தது. 1981-இல் இடஒதுக்கீட்டு எதிர்ப்புக் கலவரத்தின்போது தலித்துகளின் பக்கம் நின்றதால், அந்தத் தாய்ச்சங்கமே அதை வெளியேற்றியது. சாதியைப் பேசும் பெண்ணுக்குச் சங்கத்தில் இடம் கிடைப்பது இரட்டிப்புக் கடினம் என்பதற்கு இது சான்று.

நம் ஊருக்கு வருவோம். பீடி சுற்றுபவரின் தொழிற்கூடம் அவர் வீடுதான். இலையும் தூளும் வாங்கி வருகிறார், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார், கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி இழக்கிறார். ஆலை வாசல் இல்லாததால் அவர்கள் ஒன்றுகூடும் இடமும் இல்லை. சங்கக் கூட்டமோ நகரத்து அலுவலகத்தில், உலை வைக்கும் நேரத்தில் நடக்கிறது. பிறகு பெண்கள் வருவதில்லை என்று குறை சொல்கிறோம்.

நாம் முன்வைப்பவை மூன்று. கூட்டம் அவர்கள் தெருவில், அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் நடக்கட்டும். பெண்கள் பெரும்பான்மையாக உள்ள சங்கத்தில் நிர்வாகக் குழுவிலும் அவர்கள் பெரும்பான்மையாகட்டும், அதில் தலித் பெண்களுக்கு உறுதியான இடம் இருக்கட்டும். கூலி ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் முன் வாசித்துக் காட்டாமல் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

இவை சலுகைகள் அல்ல. சந்தா கட்டியவருக்குச் சங்கம் பட்டிருக்கும் கடன்.