மாடு இழுத்த பீரங்கி, லாரி இழுக்கும் பீரங்கி

மதுரையின் மாரட் வீதிகளும் வெளி வீதிகளும் பழைய கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்துப் போட்டவை. கம்பெனிப் படை 1763-லும் 1764-லும் சுற்றி வளைத்தது அந்தக் கோட்டையைத்தான். உள்ளே இருந்தவர் யூசுப்கான், மதுரைக்காரர்களுக்குக் கான்சாகிப்.

அன்றைய பீரங்கி என்றால் வார்ப்பிரும்பு அல்லது வெண்கலக் குழல், மரச்சட்டம், இரண்டு சக்கரம், கருமருந்து, உருண்டை குண்டு. 18 பவுண்டு குண்டு எறியும் முற்றுகைப் பீரங்கி இரண்டு டன் எடைக்குப் பக்கம் வரும். ஜோடி ஜோடியாக மாடு பூட்டித்தான் இழுக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஊறிய கரிசலில் சக்கரம் புதைந்தால் அவ்வளவுதான். 1763-ல் மழைக்காலம் வந்ததும் முற்றுகையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ஒவ்வொரு முறை சுட்டதும் பீரங்கி வண்டியோடு பின்னால் ஓடும். மறுபடி தள்ளி வந்து குறிவைக்க வேண்டும். 1764 ஜூன் 26 தாக்குதலும் தோற்றது. கடைசியில் கூட இருந்தவர்களே கான்சாகிப்பைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள்.

பின்னால் ஓடும் குறையை 1897-ல் பிரெஞ்சுக்காரர்களின் 75 மி.மீ. பீரங்கி தீர்த்தது. எண்ணெயும் அழுத்தக் காற்றும் உதையை வாங்கிக்கொள்ள, குழல் மட்டும் பின்வாங்கித் திரும்பும், வண்டி அசையாது. நவீன பீரங்கி அங்கேதான் பிறந்தது.

நாம் 1986-ல் சுவீடனிடம் 410 போபர்ஸ் பீரங்கிகள் வாங்கினோம். ஊழல் புகார் வெடித்தபின் முப்பதாண்டுக் காலம் புதுப் பீரங்கியே வரவில்லை. போபர்ஸோடு வந்த வரைபடங்களிலிருந்து ஜபல்பூர் தொழிற்சாலை உருவாக்கிய ‘தனுஷ்’ 2019-ல்தான் ராணுவத்தின் கைக்கு வந்தது. அத்தனை வருடம் வரைபடங்களைத் தூங்கவிட்டது பெரிய தவறு.

அடுத்து, புனேயின் ராணுவ ஆய்வகமும் பாரத் ஃபோர்ஜும் டாட்டாவும் சேர்ந்து உருவாக்கிய ‘ஏடேக்ஸ்’. 155 மி.மீ. துளை, எட்டு மீட்டர் நீளக் குழல். 2017 சோதனையில் 48 கி.மீ. எறிந்தது, மதுரையில் சுட்டால் விருதுநகரைத் தாண்டி விழும். குறிவைப்பதும் குண்டு ஏற்றுவதும் மின்சாரத்தில். 2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கும், இழுக்கும் லாரிகளுக்கும் சுமார் 6,900 கோடி ரூபாயில் ஒப்பந்தமானது.

ஆனால் எடை 18 டன். தூரம் வேண்டுமென்றால் குழல் நீள வேண்டும், குழல் நீண்டால் எடை கூடும். கம்பெனியின் மாடுகளை வாட்டிய அதே சிக்கல்தான் இன்று மலைப்பாதையில் லாரிகளை வாட்டுகிறது. இனி ஆராய்ச்சி எடைக்குறைப்பில்தான் இறங்க வேண்டும்.

அந்த வேலையில் மதுரைக்கும் பங்கு வேண்டும். 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி உண்டு, மதுரை இல்லை. 1957 முதல் தியாகராசர் பொறியியல் கல்லூரி இயங்கும் ஊர் இது. படித்த பிள்ளைகள் புனேக்கும் ஓசூருக்கும் ரயில் ஏறாமல் இங்கேயே வேலை செய்ய, ஆறாவது மையமாக மதுரையை அரசு சேர்க்க வேண்டும்.