மூன்றாம் நாள் வந்து கையைக் காட்டுங்கள்!

புதுக்கோட்டையில் கீழராஜ வீதிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். வீட்டுக்காரருக்கு க்ஷயரோகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் அவர் தேறிவிடுவார். ஆனால் இத்தனை நாளும் அவருடன் ஒரே கூரையின் கீழ் மூச்சுவிட்ட மனைவி, தாயார், கல் குவாரியில் வேலை செய்யும் மகன், நான்கு வயதுப் பேத்தி – இவர்கள் கதி?

கிருமி புகுந்த எல்லோருக்கும் வியாதி வருவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே ஆயுளில் என்றாவது வரும். முதல் இரண்டு வருஷங்களில்தான் அபாயம் அதிகம். மற்றவர்களிடம் அது கும்பகர்ணனாகத் தூங்கும். தூங்கும் கிருமியைச் சளிப் பரிசோதனை காட்டாது. உடம்பின் காவற்காரர்களைத்தான், "இந்தத் திருடனை முன்பே பார்த்ததுண்டா?" என்று விசாரிக்க வேண்டும்.

இந்த விசாரணை மூன்று விதம். மூத்தது, 1908-ல் பிரெஞ்சு டாக்டர் மாந்தூ கண்ட முறை. டியூபர்குலின் என்ற கிருமிச் சத்தை முன்கைத் தோலுக்குள் துளி ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். செலவு குறைவு. ஆனால் பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவரையும் சில சமயம் திருடன் புகுந்த வீடு என்று சொல்லிவிடும்!

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. பி.சி.ஜி.யில் இல்லாத இரண்டு கிருமிப் புரதங்களை ரத்தத்துடன் சேர்த்து, ஓர் இரவு உடல் சூட்டில் வைப்பார்கள். வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமா சுரந்தால், கிருமி அவற்றுக்குப் பழக்கம் என்று அர்த்தம். ஒரே தடவை போனால் போதும். ஆனால் நல்ல ஆய்வுக்கூடமும் கூடுதல் பணமும் வேண்டும்.

மூன்றாவது, அதே புரதங்களைத் தோலில் செலுத்தும் புது ஊசி. இந்த வகையை உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் ஏற்றுக்கொண்டது. பி.சி.ஜி.யால் ஏமாறாது, ஆய்வுக்கூடமும் வேண்டாம். ஆனால் மாந்தூவைப் போலவே, மறுபடி போய்க் கையைக் காட்டியாக வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கிருமி புகுந்ததைச் சொல்லுமே தவிர, வியாதி இருக்கிறதா, நாளை வருமா என்று எதுவும் சொல்லாது. ஆகவே இருமல், காய்ச்சல், இளைப்பு உண்டா என்று பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, வியாதி இல்லையென்று தெரிந்த பிறகே தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரம் சாப்பிடுவது ஒரு முறை. தினம் ஒன்றாக ஆறு மாதம் சாப்பிடுவது இன்னொன்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட பேத்திக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். கல் தூசு நுரையீரலில் படிந்த மகனோ கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டுக்காரரை எங்கேயாவது அனுப்பிவிடலாமா? கூடாது! 1956-ல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களையும் சானடோரியத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட்டு, 1959-ல் முடிவை வெளியிட்டது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் வியாதி அதிகமாகிவிடவில்லை.

"நான் நன்றாகத்தானே இருக்கிறேன், எனக்கெதற்கு ஊசி?" என்பார் பாட்டி. நன்றாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்குத்தான், பாட்டி! ஊசி போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. மூன்றாம் நாள் வந்து கையைக் காட்டுங்கள். அளக்காத தடிப்பு யாருக்கும் பயன்படாது.